துரை கொடுத்த ஆயிரம்

மாத்தளை நகரிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்லும் பாதையில் இருக்கிறது இரத்தோட்டை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்ற ஊர். அங்கிருந்து மேலே போனால் தேயிலைத் தோட்டங்கள், அதற்கும் மேலே மூடுபனி. ஒரு காலத்தில் இந்த மலைச்சரிவுகளெல்லாம் கோப்பிக் காடுகளாக இருந்தன என்பதை இன்றைய பயணி அறிய மாட்டார். கோப்பியைப் பற்றிக் கடைசியில் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு நாணயத்தாளின் கதையைச் சொல்கிறேன்.

இரத்தோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. முத்திரை, நாணயம், பழைய நோட்டு என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருப்பவர். அவரது சேகரிப்பைப் பார்க்க வாருங்கள் என்று நண்பர் ஒருவர் பலமுறை அழைத்தும் போகக் கிடைக்கவில்லை. அண்மையில்தான் அந்த வாய்ப்பு வந்தது.

மாஸ்டரின் சேகரிப்பு செல்வந்தர்களின் சேகரிப்பைப் போன்றதன்று. பழைய கொப்பித் தாள்களில் மூலை வெட்டிச் செருகிய நோட்டுகள், ஒவ்வொன்றின் கீழும் அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, 1942இல் இலங்கை அரசாங்கம் காகிதத்தில் அச்சிட்ட ஐந்து சத நோட்டு ஒன்று அதில் இருந்தது. முத்திரைத் தாளில் இருப்பதுபோல் நடுவே துளைக்கோடு போட்டது. கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். சில்லறைக்குத் தவித்த நாட்டின் கதை முழுவதும் அந்தத் துளைக்கோட்டில் இருக்கிறது. மாஸ்டர் அதைக் கிழிக்காமல் காத்து வைத்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவரது குரல் சற்றே மாறியது.

"தம்பி, இதுக்கு மட்டும் நான் குறிப்பு எழுதேல்ல. இது என்னண்டு நீங்கதான் பார்த்துச் சொல்லோணும்."

பெரிய தாள். கபில நிறம். மடிப்புகளில் தேய்ந்திருந்தாலும் கிழியவில்லை. முன்புறம் கழுகுச் சின்னம். புரியாத கோணல் எழுத்துகளில் வாசகம். பின்புறம் இரு பெண் உருவங்கள். இலக்கத்தில் 1000.

அந்தத் தாளைப் பற்றி இதுவரை பலரும் பலவிதமாகச் சொல்லியிருந்தார்கள். கண்டியில் ஒருவர் 'ஹிட்லர் காலத்துக் காசு' என்றாராம். இன்னொருவர் ஒல்லாந்தக் காசு என்றாராம். மாஸ்டரின் பேரனோ, பழைய ஐரோப்பிய நோட்டுகள் இலட்சக்கணக்கில் விலைபோவதாக எங்கோ படித்துவிட்டு, தங்கையின் படிப்புச் செலவுக்கு இது போதும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அந்தத் தாள் வீட்டுக்கு வந்த விதத்தை மாஸ்டர் சொன்னார். அவருடைய தந்தையார் மேலேயுள்ள தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை 1931இல் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். உலகச் சந்தையில் தேயிலை விலையும் றப்பர் விலையும் விழுந்து தோட்டங்கள் தள்ளாடிய காலம் அது. புறப்படும் நாளில் கணக்கப்பிள்ளையை பங்களாவுக்கு அழைத்து, "இது ஆயிரம், பத்திரமாக வைத்துக்கொள்" என்று சொல்லித் துரை இந்தத் தாளைக் கொடுத்தாராம்.

"அப்பாவோட உழைப்புக்குத் துரை ஆயிரம் குடுத்தவர் எண்டு எங்கட வீட்டில எல்லாரும் பெருமையாச் சொல்லுவம். அது எந்த ஊர் ஆயிரம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மாஸ்டர்.

ஆக, என் முன்னால் இருந்தது வெறும் நாணயத்தாள் அன்று. ஒரு குடும்பத்தின் தொண்ணூறு ஆண்டுப் பெருமை. அதை அடையாளம் காண்பது எளிது, அடையாளம் கண்டதைச் சொல்வதுதான் கடினம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுத்து ஏமாற்றும்

அறிமுகமில்லாத ஐரோப்பிய நாணயத்தாள் ஒன்றைக் கண்டால் நம்மவர்கள் முதலில் செய்யும் பிழை, மொழியைக் கொண்டு நாட்டை ஊகிப்பது. ஐரோப்பிய வல்லரசுகள் உலகெங்கும் பரவியிருந்த காலத்து நோட்டுகளில் இந்த ஊகம் அடிக்கடி பொய்த்துப்போகும்.

பாண்டிச்சேரியை எடுத்துக்கொள்வோம். 1875இல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்கும் நோட்டு அச்சிட்டது. அந்த நோட்டுகளின் பிரதான வாசகம் பிரெஞ்சு மொழியில் இருக்கும், பெறுமதியோ ரூபாயில் இருக்கும். பிரான்சுக் காசு என்று நினைத்து எடுத்துப் புரட்டினால் தமிழ் எழுத்து கண்ணில் படும். அது நம் அயல் வீட்டுக் காசு.

அதேபோல், இலங்கையில் ஒல்லாந்த மொழி நோட்டு ஒன்று கிடைத்தால் அது ஒல்லாந்தருடையதாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. 1900ஆம் ஆண்டிலிருந்து, தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவ முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களது திரான்ஸ்வால் குடியரசின் நோட்டுகளிலும் ஒல்லாந்த மொழியே இருந்தது.

ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நோட்டோ இன்னும் வேடிக்கையானது. ஒரு பக்கம் ஜேர்மன் மொழி, மறுபக்கம் ஹங்கேரிய மொழி. ஜேர்மன் பக்கத்தில் செக், போலிஷ், இத்தாலியன் என்று பேரரசின் வேறு எட்டு மொழிகளிலும் தொகை எழுதப்பட்டிருக்கும். ஒரு நோட்டில் பத்து மொழிகள்! முதல் உலகப் போர் முடிந்ததும் அந்தப் பேரரசு சிதறியபோது, பிரிந்து சென்ற நாடுகள் பல அதே நோட்டில் தத்தம் முத்திரையைக் குத்தியும் ஒட்டியும் சொந்தப் பணமாக்கிக் கொண்டன.

ஆகவே மொழியை மட்டும் பார்த்தால் போதாது. நாணயத்தாள் என்பது ஒரு வாக்குறுதிப் பத்திரம். வாக்குக் கொடுத்தவர் யார், எந்தத் திகதியில் கொடுத்தார், என்ன தருவதாகச் சொன்னார், அந்த வாக்கு எதுவரை செல்லுபடியானது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டால்தான் ஒரு நோட்டை அடையாளம் கண்டதாகும்.

வாக்குக் கொடுத்தவர்

மாஸ்டரின் நோட்டில் இருந்த கோணல் எழுத்து, 'பிராக்டூர்' எனப்படும் பழைய ஜேர்மன் அச்செழுத்து. ஆங்கில எழுத்துத் தெரிந்தவர்களையும் தடுமாற வைப்பது. எஸ் என்ற எழுத்து எஃப் போலத் தோன்றும், கே என்ற எழுத்தை டி என்று படிக்கத் தோன்றும். ஆறுதலாக எழுத்துக் கூட்டிப் படித்தால் தலைப்பில் 'ரைக்ஸ்பாங்க்நோட்டெ' என்றிருந்தது. 1876இல் செயற்படத் தொடங்கிய ஜேர்மன் பேரரசின் மத்திய வங்கி ரைக்ஸ்பாங்க். முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கீழே இடமும் திகதியும்: பேர்லின், 1910 ஏப்ரல் 21. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933இல். எனவே கண்டிக்காரர் சொன்னது பிழை. இது கைசர் இரண்டாம் வில்லியமின் காலத்துத் திகதி.

வாசகத்தின் சாரம் இதுதான்: இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுப்பவரை இன்னாரென்று விசாரியாமல், பேர்லினிலுள்ள ரைக்ஸ்பாங்க் தலைமைக் கருவூலம் அவருக்கு ஆயிரம் மார்க் கொடுக்கும். இதைக் கொணர்பவர் பெர்லின் சீமாட்டியாக இருந்தாலும் இரத்தோட்டைக் கணக்கப்பிள்ளையாக இருந்தாலும் ஒன்றே. வாக்கு வாக்குத்தான்.

1910இல் அந்த வாக்குக்குத் தங்கம் பின்னணியாக இருந்தது. ஒரு கிலோகிராம் சுத்தத் தங்கம் 2,790 மார்க் என்பது சட்டம். ஆயிரம் மார்க் என்றால் ஏறக்குறைய 358 கிராம் தங்கம், இங்கிலாந்துச் சவரன் கணக்கில் 49 சவரன். அக்கால இலங்கைப் பணத்தில் சுமார் 730 ரூபா. தோட்டத் தொழிலாளியின் கூலியைச் சதத்தில் எண்ணிய காலத்தில் அது பெருந்தொகை.

இந்த இடத்தில் பேரனின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். தங்கத்தின் இன்றைய விலையை அவன் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். நான் பேச்சை நிறுத்தி, பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது.

திகதி பொய் சொல்லும்

1910 திகதியிட்ட ஆயிரம் மார்க் நோட்டில் வங்கியின் வட்ட முத்திரைகள் அச்சிடப்பட்டிருக்கும். சில நோட்டுகளில் முத்திரையும் தொடரிலக்கமும் சிவப்பு நிறத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் பச்சை. மற்றபடி இரண்டுக்கும் ஒரே திகதி, ஒரே படம், ஒரே வாசகம். பார்வைக்கு இது அச்சகத்தின் அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் நாணயவியல் அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

நோட்டில் உள்ள திகதி அதன் வடிவம் அங்கீகரிக்கப்பட்ட திகதியே தவிர, அச்சிடப்பட்ட திகதி அன்று. ரைக்ஸ்பாங்க் அந்த 1910 வடிவத்தையே பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட்டது. சிவப்பு முத்திரை நோட்டுகள் போருக்கு முன்னும் போரின்போதும் வந்தவை. பச்சை முத்திரை நோட்டுகள் முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து 1922 வரையில் வெளியிடப்பட்டவை.

மாஸ்டரின் நோட்டில் இருந்த முத்திரைகள் பச்சை.

இந்த நிற வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு தேசத்தின் வீழ்ச்சி இருக்கிறது. 1914 ஓகஸ்டில் போர் தொடங்கியதும், நோட்டுக்குத் தங்கம் கொடுக்கும் கடமையிலிருந்து ரைக்ஸ்பாங்கைச் சட்டம் விடுவித்தது. போர்ச் செலவை வரியால் அல்லாமல் கடனாலும் அச்சகத்தாலும் சமாளித்தார்கள். வெற்றிபெற்றால் தோற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஆனால் தோற்றது ஜேர்மனிதான். போருக்கு முன் சுமார் 200 கோடி மார்க் நோட்டுகள் புழங்கிய நாட்டில் 1918 முடிவில் ஏறத்தாழ 2,200 கோடி. 1922 முடிவில் அது ஓர் இலட்சம் கோடியையும் தாண்டிவிட்டது. பழைய திகதியைத் தாங்கிய ஆயிரம் மார்க் தாள்கள் மூட்டை மூட்டையாக வெளிவந்தன. கைசர் போய்விட்டார், தங்கம் போய்விட்டது. தாளில் மட்டும் 1910ஆம் ஆண்டின் கண்ணியம் அப்படியே இருந்தது.

1923இல் நடந்ததை உலகம் அறியும். போருக்கு முன் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பரில் அதே டொலருக்கு 4,20,000 கோடி மார்க். பேர்லினில் ஒரு ரொட்டி இருபதாயிரம் கோடி மார்க்குக்கு விற்றது. 1922 டிசம்பர் திகதியிட்ட புதிய ஆயிரம் மார்க் நோட்டை அடுத்த ஆண்டு எடுத்து, அதன்மேல் குறுக்கே சிவப்பு மையில் 'நூறு கோடி மார்க்' என்று அச்சிட்டு வெளியிட்டார்கள். ஜேர்மன் மொழியில் 'மில்லியார்டெ' என்றால் நூறு கோடி, 'பில்லியோன்' என்றால் இலட்சம் கோடி. ஆங்கிலக் கணக்கைக் கொண்டு இந்த நோட்டுகளைப் படித்தால் ஆயிரம் மடங்கு பிழைத்துப்போகும் என்பதைச் சேகரிப்பாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1923 நவம்பர் 15இல் 'ரென்டன்மார்க்' என்ற புதிய பணம் வந்தது. ஓர் இலட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க். 1924இல் வந்த 'ரைக்ஸ்மார்க்'கிற்கும் அதே விகிதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டரின் தாளைப் போல நூறு கோடித் தாள்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒரே ஒரு புதிய மார்க் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பும் 1925இல் முடிந்தது. பழைய நோட்டுகள் செல்லாதவையாயின. நான்காம் கேள்விக்கு விடை அதுதான்: வாக்கு 1925 வரை.

நம்பிக்கை சாகவில்லை

பணம் செத்தாலும் பணத்தின்மீது வைத்த நம்பிக்கை இலகுவில் சாவதில்லை. இந்த ஆயிரம் மார்க் நோட்டே அதற்குச் சான்று.

பணவீக்கம் அடங்கிய பின்னர் ஜேர்மனியில் ஒரு பேச்சுப் பரவியது. சிவப்பு முத்திரை நோட்டுகள் போருக்கு முந்திய 'நல்ல காசு', அவற்றுக்கு அரசாங்கம் ஒருநாள் முழுப் பெறுமதி கொடுத்தே தீரும் என்பது அந்தப் பேச்சு. சிறுகச் சிறுகச் சேமித்த முதியவர்களும் விதவைகளும் சிவப்பு முத்திரைத் தாள்களைக் கட்டுக்கட்டாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். நோட்டு வைத்திருப்போர் சங்கங்களே தோன்றின. அடமானக் கடன் முதலியவற்றை ஓரளவு மீள்மதிப்பிடுவதற்கு 1925இல் சட்டம் வந்தது. அடமானத்துக்கு நான்கிலொரு பங்கு கிடைத்தது. நாணயத்தாளுக்கு ஒன்றுமில்லை. நீதிமன்றமும் கைவிட்டது. வங்கியின் பார்வையில் சிவப்பும் ஒன்றுதான், பச்சையும் ஒன்றுதான். எழுதியிருந்தது மார்க், தங்கமன்று.

ஜேர்மனிக்கு வெளியிலும் இந்த நம்பிக்கை இருந்தது. போருக்குப் பின் மார்க் மலிந்தபோது, இவ்வளவு பெரிய தொழில்வளம் கொண்ட நாடு மீண்டெழாமலா போகும் என்றெண்ணிப் பல நாட்டு மக்கள் மார்க் நோட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். அவர்கள் கொடுத்தது உண்மையான டொலரும் பவுணும். கையில் மிஞ்சியது தாள்.

அந்தத் தாள் இரத்தோட்டை மலைக்கு எந்த வழியாக வந்திருக்கும்? வழிகள் பல உண்டு. இலங்கைத் தோட்டத் துரைமார்களின் துப்பாக்கிப் படையணியிலிருந்து ஓர் அணி 1914இல் எகிப்துக்குப் புறப்பட்டது. போர் முடிந்தபின் பிரித்தானியப் படை ஜேர்மனியின் கொலோன் நகரில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது. அங்கே பணியாற்றிய போர்வீரர்களின் சட்டைப்பைகளில் மார்க் நோட்டுகள் இருந்தன. போருக்குப் பின் தோட்டத்துக்கு வந்த துரைமாரில் முன்னாள் படையினர் இருந்தார்கள். நினைவுப் பொருளாகவும் வந்திருக்கலாம், மலிவாக வாங்கி ஏமாந்ததன் மிச்சமாகவும் வந்திருக்கலாம். அதைத் தாள் சொல்லாது.

தாள் சொல்வது ஒன்றைத்தான். அது போருக்குப் பின் அச்சிடப்பட்டது. 1925இல் செல்லாமற்போனது. கணக்கப்பிள்ளையின் கைக்கு வந்தது 1931இல்.

மாஸ்டரின் கேள்வி

இதையெல்லாம் ஒரே மூச்சில் நான் சொல்லிவிடவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். பேரன்தான் முதலில் கேட்டான், இப்போது விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று. இந்த வகை நோட்டு உலகெங்கும் ஏராளமாக இருக்கிறது, சேகரிப்பாளர் சந்தையில் சில டொலர்களுக்கு மேல் போகாது என்றேன். இதை அரிதானதென்று சொல்லி யாராவது விற்றுத் தருவதாக முற்பணம் கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் பேசாமல் எழுந்து வெளியே போனான்.

மாஸ்டர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, துரை அப்பாவை ஏமாத்தியிருக்கிறாரா, தம்பி?"

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, இதற்கு உடனே விடை சொல்ல வரவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 1931இல் பத்திரிகை படிக்கும் எந்த ஆங்கிலேயருக்கும் ஜேர்மன் மார்க்கின் கதை தெரியும். அது உலகச் செய்தி. எனவே தாளுக்கு மதிப்பில்லை என்பது துரைக்குத் தெரிந்தே இருந்திருக்கும். ஆனால் எந்த மனத்தோடு கொடுத்தார்? போர்க்கால ஞாபகப் பொருளொன்றைத் தனக்கு வேண்டியவருக்கு அன்பாகக் கொடுத்தாரா? கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக, எழுத்துத் தெரியாதென்று நினைத்து ஒரு செத்த நோட்டை நீட்டினாரா? 'பத்திரமாக வைத்துக்கொள்' என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

"தாள்ல இருக்கிறதத்தான் என்னால படிக்க முடியும், மாஸ்டர். துரையின்ட மனசு அதில இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, "வெள்ளைக்காரன்ட நாட்டிலயும் காசு செத்துப் போகுமா?" என்று கேட்டார். அவரது தலைமுறைக்கு அது நியாயமான ஆச்சரியம்தான். அப்போதுதான் கோப்பியின் கதையைச் சொன்னேன்.

இந்த மலையில் செத்த பணம்

மாத்தளை மாவட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தது கோப்பிக்காகத்தான். வடக்கிலிருந்து வரும் அந்தப் பாதையில் மலைநாட்டின் வாசல் மாத்தளை. தோட்டங்களுக்கு முதல் வேண்டும், அதைக் கொடுத்தவை வங்கிகள். அவற்றுள் பெரியது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1851இல் அரச சாசனம் பெற்றது. அக்காலத்தில் இலங்கையில் அரசாங்க நோட்டு இல்லை. வங்கிகள் அச்சிட்ட நோட்டுகளே புழங்கின, அவற்றுள் ஓரியன்டல் வங்கியின் நோட்டே எங்கும் செல்வாக்கோடு இருந்தது.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடிபோல ஒரு பூஞ்சண நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கைக் கோப்பியையே அது தின்று தீர்த்துவிட்டது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தபோது, அது ஏற்றிச் செல்ல வேண்டிய கோப்பி செத்துக்கொண்டிருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் தளர்ந்தது. 1884 மே 3ஆம் திகதி ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டை வைத்திருந்தவர்களின் கையில் அன்று காலை இருந்தது பணம், மாலையில் இருந்தது காகிதம்.

ஆனால் இங்கே கதை வேறு திசையில் திரும்பியது. அப்போதைய தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அந்த வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று உறுதியளித்தார். வாக்குக் கொடுத்தவர் விழுந்தபோது, வாக்கை இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். நாடு பெரும் பீதியிலிருந்து தப்பியது. அதே ஆண்டில் நாணயத்தாள் சட்டம் இயற்றப்பட்டது. 1885 முதல் இலங்கை அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. மாஸ்டரின் கொப்பியிலுள்ள ஐந்து சதத் தாளுக்கு மூதாதை அந்த நோட்டுத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காக்கப்பட்டவர்கள் நோட்டு வைத்திருந்தவர்கள். பல மாதக் கூலி நிலுவையில் நிற்க, துரையும் தோட்டமும் முறிந்துபோன தொழிலாளியின் கையில் நோட்டு இல்லை, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே இருந்தது. கூலி நிலுவையைத் தோட்டச் சொத்தின்மீது முதல் உரிமையுள்ள கடனாக்கும் சட்டம் 1880களில் வந்ததற்கு அந்தக் கசப்பான அனுபவமே காரணம். தங்கத்தின் பெயரால் எழுதப்பட்ட வாக்கும் முறியும். வாக்கு முறியும்போது யாருடைய வாக்கை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

தகரப் பெட்டி

"அந்தத் தாளை அப்பா ஒருநாளும் மாத்தப் போகேல்ல" என்றார் மாஸ்டர், எல்லாவற்றையும் கேட்ட பிறகு. "கஷ்டம் வந்த நேரமும் போகேல்ல. கொழும்புக்கு ரெண்டு மூண்டு தரம் போனவர். வங்கியில ஒருக்கா காட்டியிருக்கலாம். காட்டேல்ல. இல்லாட்டிக் காட்டிப் பார்த்திட்டுத்தான் எங்களுக்குச் சொல்லாம விட்டாரோ தெரியாது."

அந்தத் தாள் இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவரச் செய்து காட்டினார். பிஸ்கட் டின். உள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், தோட்டத் துண்டுகள், குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின், ஒவ்வொரு குடும்பமும் உயிரைவிடக் கவனமாகப் பாதுகாத்தது காகிதங்களைத்தான். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, யார் எந்தப் பக்கம் என்பதற்கு அந்தக் காகிதங்களும் சாட்சி. மாஸ்டரின் பெரியப்பா குடும்பம் இராமேஸ்வரம் கப்பலேறியது. இவர்கள் தங்கினார்கள். ஜேர்மன் வங்கியின் வாக்குறுதி, இரண்டு அரசாங்கங்களின் வாக்குறுதிகளோடு ஒரே பெட்டிக்குள் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

புறப்படும்போது மாஸ்டர் பேனாவை எடுத்து, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விபரத்தை ஒழுங்காகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்:

ஜேர்மனி. ரைக்ஸ்பாங்க். ஆயிரம் மார்க். திகதி 1910 ஏப்ரல் 21. பச்சை முத்திரை. 1918க்கும் 1922க்கும் இடையில் வெளியிடப்பட்டது. 1925இல் செல்லாமற்போனது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் பேனாவை வைக்கவில்லை. சிறிது யோசித்துவிட்டு, அதே அழகான கையெழுத்தில் இன்னுமொரு வரியைத் தானாகவே சேர்த்தார்:

1931இல் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது.

கொடுத்தவரின் பெயரை அவர் எழுதவில்லை. பெயர் அவருக்குத் தெரியும்.